கெல்தியப் பெண்களும் இரண்டு சிலுவைகளும்

கெல்திய மொழிகள் ஆறு பேரும் கோவில்பட்டிக்கு வந்து இறங்கியது புரட்டாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு, மதுரை பஸ்ஸில். ஆறு பேரும் பெண்கள், ஆறு பேர் தோளிலும் கம்பளிச் சால்வை, ஆறு பேருக்கும் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. மற்றபடி ஊருக்குப் புதிதாக வருகிறவர்களின் திகைப்பு ஒன்றும் அவர்களிடம் இல்லை. கண்டக்டர் பிற்பாடு டீக்கடையில் சொன்னபடி, மூன்று பேர் "கோவில்பட்டி" என்று கேட்டார்கள், மூன்று பேர் "போவில்பட்டி" என்று கேட்டார்கள். இரண்டு ஊருக்கும் கட்டணம் ஒன்றுதான் என்று அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் விசாரித்து வந்த இடம் வெயிலுமுத்துவின் கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே மாடியில் இருந்த கலைக்களஞ்சிய அலுவலகம். அங்கே மரகதவல்லி ஏழாம் தொகுதியின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். கெ, கே, கை மூன்று எழுத்துக்கும் சேர்த்து அறுநூறு பக்கம். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் 'கெல்திய மொழிகள்' என்று அவளே எழுதிய கட்டுரை இருந்தது, அதன் அடியில் ஓர் அட்டவணை இருந்தது. அந்த ஆறு பேரும் படியேறி வந்து வரிசையாக நின்றபோது அவளுக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. கெண்டை மீன் கட்டுரைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒன்பது பக்கக் கண்டனம் எழுதியிருந்தார், கேழ்வரகுக்குத் தந்தி வந்தது. இந்தக் கட்டுரைக்கு மொழிகளே நேரில் வந்துவிட்டதால் பதில் கடிதம் எழுதுகிற வேலை மிச்சம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"வந்தோம் நாங்கள்," என்றாள் முன்னால் நின்ற சிவந்த முடிக்காரி. "கேட்டோம் நாங்கள், போடுகிறீர்கள் நீங்கள் எங்களைப் புத்தகத்தில் என்று."

"உட்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுவோம்," என்றார்கள் ஆறு பேரும். அவர்களுடைய வீட்டில் ஆமாம் என்றும் இல்லை என்றும் தனிச் சொல் வைத்துக்கொள்வதில்லை, கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பிலோமினா காபி வாங்கப் போகிற வழியில் மரகதவல்லியின் காதில், "நம்மளும் அப்படித்தானக்கா சொல்லுவோம்? வந்தியான்னா வந்தேன், தின்னியான்னா தின்னேன்," என்றாள். அதோடு அவளுக்கு அவர்கள் வெளியாட்கள் என்ற எண்ணம் போய்விட்டது.

அட்டவணையைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தீவுக் கிளை, இன்னொரு பக்கம் பெருநிலக் கிளை. ஒரு காலத்தில் ஸ்பெயினிலிருந்து துருக்கியின் நடுமேடு வரைக்கும் பேச்சு நடந்த பெரிய குடும்பம் அது. ரோமாபுரிக்காரர்களின் லத்தீன் வந்து ஒவ்வொரு ஊராகத் தன் பேச்சாக்கிக்கொள்ள, பெருநிலத்தில் கடைசியில் யாரும் மிஞ்சவில்லை. கோல், கெல்திபீரியம், லெபோந்தியம், கலாத்தியம் என்று நாலு பெயர்கள், நாலுக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. அந்தக் கலைக்களஞ்சியத்தில் அதுதான் வழக்கம், மாண்டுபோன மன்னர்களுக்கும் அற்றுப்போன பறவைகளுக்கும் பேச ஆளில்லாத மொழிகளுக்கும் அதே சிலுவை. ஐந்தாவதாகப் பெருநிலக் கிளையில் பிரெட்டன் என்று இருந்தது.

"இருக்கிறேன் நான் அங்கே, ஆனால் பிறந்தேன் நான் தீவில்," என்றாள் பிரெட்டன். "ஓடினோம் நாங்கள் படகில், வந்து ஏறினோம் நாங்கள் எதிர்க்பரைக்கு." கரை என்று சொல்ல முயன்று, க-வுக்குப் பதில் ப வருவதைப் பாதியில் கவனித்து இரண்டையும் சேர்த்துவிட்டாள். மரகதவல்லி மன்னிப்புக் கேட்டு, அம்புக்குறி போட்டு அவளை வெல்ஷுக்கும் கார்னிஷுக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அந்த விவகாரம் அப்படித் தீர்ந்தது.

தீராதது கீழ்வரிசையில் இருந்தது. ஆறு பேரிலும் குள்ளமானவள், நரைத்த பின்னலுக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தவள், தன் பெயரில் விரலை வைத்தாள். மாங்க்ஸ். பக்கத்தில் சிலுவை. அதற்குக் கீழே கார்னிஷ், அதற்கும் சிலுவை.

"என்ன இது?"

"அது வந்து..." என்றாள் மரகதவல்லி. "இறந்த மொழிக்குப் போடுற குறிங்க."

மாங்க்ஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு காலை, பிறகு இடுப்பில் செருகியிருந்த பஸ் டிக்கெட்டை.

முதன்மைப் பதிப்பாசிரியர் தாணுமாலயன் நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்லூரியில் முப்பது வருஷம் மொழியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். அறைக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்து ஆறு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு மரகதவல்லியை உள்ளே அழைத்தார். "மரகதம்மா, தாய் மடியில கேட்டுப் பேசின கடைசி ஆள் போனா மொழி போச்சு. இதுதான் நம்ம அளவுகோல், ஒண்ணாம் தொகுதியிலேருந்து. கார்னிஷுக்கு அது இருநூறு வருஷம் முந்தி. மாங்க்ஸுக்கு எழுபத்து நாலாம் வருஷம். அதுக்கப்புறம் புத்தகம் பார்த்தும் டேப்பைப் போட்டுக் கேட்டும் படிச்சவங்க எல்லாம் சேர்த்தி கிடையாது."

"ஆளு எதிர்ல நிக்கிறாங்களே ஐயா."

"ஆளு நிக்கிறது வேற, அளவுகோல் வேற. சனிக்கிழமை பதினொரு மணிக்கு சிவகாசி அச்சகத்துக்குக் கார் போகுது. சிலுவையோடதான் போகுது."

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் ஆறு பேரும் ஊரை விட்டுப் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெயிலுமுத்துவின் மனைவி பேச்சித்தாய், பாகு காய்ச்சுகிற கொட்டகைக்கு மேலிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். பெயர்கள் வாயில் நுழையாததால் ஊர் அன்று சாயங்காலத்துக்குள் தனக்கு வசதியான பெயர்களை வைத்துக்கொண்டது. ஐரிஷ் அயிரை ஆனாள். ஸ்காட்லாந்துக் கேலிக் மொழி கேலி ஆனாள், அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றாலும். மாங்க்ஸ் மாங்கனி. வெல்ஷ், ஊரே பாகு மணக்கிற ஊர் என்பதால், வெல்லம். கார்னிஷ் கருணை, பிரெட்டன் பிரட்டு. ஆறு பேரும் அந்தப் பெயர்களுக்குத் திரும்பிப் பார்த்தார்கள், மறுப்புச் சொல்லவில்லை.

அயிரை, கேலி, மாங்கனி மூவரும் க-காரிகள். ஐந்து என்பதற்கு அவர்கள் வீட்டில் கூக், கோக், குவெக். வெல்லம், கருணை, பிரட்டு மூவரும் ப-காரிகள், அதே ஐந்துக்கு அவர்கள் பிம்ப், பிம்ப், பெம்ப். ஒரே தாய்க்கு நாக்கில் இருந்த பழைய க்வ, ஒரு பக்கம் க ஆகவும் இன்னொரு பக்கம் ப ஆகவும் தேய்ந்தது என்று மரகதவல்லி கட்டுரையில் எழுதியிருந்தாள். அது கடைத்தெருவில் என்ன செய்யும் என்று எழுதியிருக்கவில்லை. வெல்லம் சாம்பாருக்குக் காய் கேட்கப் போய் ஜமக்காளக் கடைக்காரர் அவளுக்குக் கோரைப்பாய் விரித்துக் காட்டினார். கருணை வெற்றிலைக்காரியிடம் "இதிலே பாம்பு இருக்கிறது" என்று சொல்ல, காம்பைத்தான் சொல்கிறாள் என்று தெரிவதற்குள் நாலு பேர் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். கயிறு கேட்டவளுக்குப் பயிறு கிடைத்தது. பிரட்டு ஒரு பெரிய மனிதரைப் பார்த்து மரியாதையாக "நான் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்ல நினைத்து, முதல் எழுத்தைத் தன் வழக்கப்படி மாற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அந்தப் பெரிய மனிதர் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

வினை முன்னால் வருவதற்கும் ஊர் பழகிக்கொண்டது. கோவில்பட்டிக்காரர்கள் வாக்கியத்தின் வாலில் வினைக்காகக் காத்திருக்கிறவர்கள், இவர்களோ அதைத் தலையிலேயே போட்டு உடைத்துவிடுகிறவர்கள். அதனால் அவசரத்தில் இருக்கிறவர்கள் ஒரு சொல் கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள், சும்மா இருக்கிறவர்கள் கடைசி வரை நின்று, இன்னும் ஏதோ வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கல்யாண வீட்டிலும் யார் யாருக்கு என்ன முறை என்று பேச்சித்தாயிடம்தான் கேட்பார்கள். அவள் ஆறு பேரையும் இரண்டு நாள் கவனித்தாள். க-வும் ப-வும்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது, ஆகவே ப சொன்ன கோல் மொழிதான் வெல்லத்துக்கு நெருங்கின சொந்தம் என்று தாணுமாலயன் கடை வாசலில் நின்று விளக்கியபோது அவள் முறுக்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கோலம்மா இவுகள மாதிரி எடுத்தவுடனே வந்தேன் போனேன்னுதான் ஆரம்பிப்பாகளா, சார்வாள்?"

"கிடைச்ச கல்வெட்டைப் பார்த்தா அப்படித் தெரியலை."

"இந்த ஆறு பேரும் ஆரம்பிக்காக. அப்ப கோலம்மாவ விட்டுப் பிரிஞ்சு வந்தபிறகு ஆறு பேரும் கொஞ்ச காலம் ஒரே அடுப்புல பொங்கித் தின்னுருக்காக. ஒரு எழுத்து ஒத்துப்போச்சுன்னு அந்தம்மாவ இங்க கொண்டாந்து உக்கார வைப்பீகளா? எங்க வீட்டுக்காரருக்கும் தாசில்தாருக்கும் மீசை ஒண்ணுபோல இருக்கு. அதுக்காகச் சித்தப்பான்னு கூப்பிட முடியுமா?"

வெயிலுமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். தாணுமாலயன், இந்த விஷயத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது என்றும், பேச்சித்தாய் அதில் ஒரு கட்சி என்றும் ஒத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஆனால் சிலுவையைப் பற்றி மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

புதன்கிழமை இரண்டாம் மெய்ப்பு வந்தது. சிலுவைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அன்று மத்தியானத்திலிருந்து மாங்கனியின் குரல் இறங்க ஆரம்பித்தது. காலையில் தெருமுனை வரை கேட்டது, சாயங்காலம் அடுத்த அறைக்குக் கேட்கவில்லை. நாய்கள் மற்ற ஐந்து பேரையும் பார்த்துக் குரைத்துவிட்டு அவளைத் தாண்டிப் பார்த்தன. வெயிலுமுத்து ஐந்து தட்டில் சோறு போட்டு, பேச்சித்தாய் முறைத்ததும் ஆறாவது தட்டைத் தேடினார். கருணைக்கு அத்தனை பாதிப்பு இல்லை. "செத்தேன் நான் ஒரு தரம், எழுந்தேன் நான் நூறு வருஷம் பழித்து," என்றாள். கழித்து என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். "பயம் இல்லை எனக்கு இரண்டாம் தரம். ஆனால் இவள் புதுசு. தாங்கமாட்டாள் இவள்."

வியாழக்கிழமை மாடியில் மாங்கனியும் மரகதவல்லியும் மட்டும் இருந்தார்கள். மெய்ப்புத் தாள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. மரகதவல்லி ஒற்று மிகும் இடங்களில் ஒற்றுப் போட்டுக்கொண்டே போனாள். இவர்களுடைய மொழிகளிலும் அப்படி ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். எப்போதோ ஒரு சொல்லின் கடைசி அசை தேய்ந்து மறைந்துபோயிருக்கும், ஆனாலும் அது மறைவதற்கு முன்னால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மெலிய வைத்துவிட்டுப் போயிருக்கும். போனவர் போய்விட்டார், அடுத்து வருகிறவரின் ஆரம்பம் மட்டும் மாறியே இருக்கிறது. அதை எழுதும்போது அவள் அக்கா சிவகாமியை நினைத்துக்கொண்டுதான் எழுதினாள்.

"எனக்கும் எங்க அக்காவுக்கும் ஒரு பாஷை இருந்துச்சு," என்றாள் திடீரென்று. "ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் க போட்டுப் பேசுவோம். எல்லாப் பிள்ளைகளும் பேசுறதுதான். ஆனா நாங்க அதுல ழ வந்தா மட்டும் கி போடுவோம், அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும். அம்பது வயசு வரைக்கும் போன்ல பேசியிருக்கோம். அவ போய் நாலு வருஷம் ஆச்சு."

"பேசுகிறாயா நீ இப்போது?" மாங்கனியின் குரல் தாளைப் புரட்டுகிற சத்தம் அளவுக்குத்தான் இருந்தது.

"பேசுறேன். குளிக்கும்போது, சமைக்கும்போது." மரகதவல்லி பேனாவை மூடினாள். "ஆனா ழ வர்ற இடத்துல கி போட்டேனா க போட்டேனான்னே எனக்குத் தெரியலை. அவ இருந்தா, ஏட்டி தப்புடீன்னு மண்டையில குட்டுவா. நாலு வருஷமா எனக்கு ஒரு தப்புகூட வரலை."

மாங்கனி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இதற்கிடையில் கீழே கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மாங்கனி படியிறங்கி வந்து பேச்சித்தாயைப் பார்த்து அவளுடைய மொழியில், "மோரா மாய்," என்று சொல்லியிருந்தாள். நல்ல காலைப்பொழுது என்று அர்த்தம். பேச்சித்தாய் காதில் அது "மோரு, தாயி" என்று விழுந்தது. வெள்ளைக்காரச் சீமையிலிருந்து வந்தவள் வாய் திறந்து மோர் கேட்கிறாளே என்று உருகிப்போய், வெங்காயமும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். மாங்கனி குடித்துவிட்டு, இந்த ஊரில் காலை வணக்கம் சொன்னால் மோர் தருவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் சொன்னாள், மறுநாளும் வந்தது. கடைக்கு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மோர் வேண்டும் என்றால் "மோரு மாயி" என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சொன்னார்கள், ஜமக்காளக் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னார். மூலையில் இருந்த மாங்கனி ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையை ஆட்டி, "மோரா மாய், மோரா மாய்," என்று திருத்துவாள். வெள்ளிக்கிழமை அவள் திருத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று இருந்தது. தாணுமாலயன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, மாடியேறத் தெம்பில்லாமல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், நான்கு நாளாகக் காதில் விழுந்த பழக்கத்தில், "மோரு மாயி," என்றார்.

"மோரா மாய்," என்றது ஒரு குரல்.

கடைக்குள்ளிருந்த எல்லோருக்கும் கேட்டது. பாகு கிண்டிக்கொண்டிருந்தவன் கரண்டியை நிறுத்தினான். மாங்கனி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாள்போல ஒரு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

தாணுமாலயன் தொண்டையைச் செருமினார். "மோரே மாயி."

"மோ-ரா," என்றாள் மாங்கனி. "மாய். முடியவில்லையா உனக்கு இது?"

"வருது வருது, இரு... மோரா மாய்."

மரகதவல்லி படியில் நின்றிருந்தாள். கையில் நூற்றுப் பதினேழாம் பக்கம் இருந்தது. "ஐயா, இப்ப யார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மோர் கேட்டேன்."

"எந்த பாஷையில?"

தாணுமாலயன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழில் மாயி என்று மோருக்குப் பின்னால் எதுவும் வராது என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காலம்பற பத்து மணிக்கு மாங்க்ஸ்காரிக்கு மாங்க்ஸ்ல வணக்கம் சொல்லியிருக்கீங்க. தப்பாச் சொன்னீங்க. அவங்க திருத்தினாங்க. நீங்க திரும்பச் சொன்னீங்க." மரகதவல்லி ஒரு படி இறங்கி வந்தாள். "இருபத்திரண்டு வருஷமா நான் தப்பைத் திருத்திச் சாப்பிடுறவ. எனக்கு இந்த ஒண்ணுதான் தெரியும் ஐயா. தப்புன்னு சொல்ல ஆள் இல்லாத இடத்துல தப்பே கிடையாது. தப்பு இருக்குன்னா ஆள் இருக்கு. தாய் மடியோ டேப்போ, எங்கேருந்து வந்தா என்ன?"

"அளவுகோல்..." என்றார் தாணுமாலயன்.

"சார்வாள்," என்றாள் பேச்சித்தாய், மோர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டாத இடத்தில் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா பேருல இருக்க சிலுவைய எடுப்பீகளா, மாட்டீகளா?"

அவர் சொம்பைப் பார்த்தார். மாங்கனியைப் பார்த்தார். அவளுக்கு வணக்கம் சொன்ன வாய் இன்னும் அந்த நீளமான ஆ-வில் கொஞ்சம் திறந்தே இருந்தது.

"எடுப்பேன்," என்றார்.

எல்லோரும் மாடியேறினார்கள். பிலோமினா இரண்டு முறை பொத்தானை அமுக்கினாள். மாங்க்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது மறைந்தது, கார்னிஷ் பெயருக்குப் பக்கத்தில் இருந்ததும் மறைந்தது. கீழே தெருவில் ஒரு நாய், ஜன்னலில் தெரிந்த மாங்கனியைப் பார்த்து வெறிபிடித்ததுபோல் குரைத்தது. அவள் அதற்கும் ஏதோ திருத்தம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், கேலிகூட.

பத்தே முக்கால் ஆகியிருந்தது. கார் வாசலில் வந்து நின்றது. தாணுமாலயன் புதிய பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், வெட்கப்படுகிறவர்போல, "அந்தக் கோலம்மாவுக்கும் ஒரு தரம் பார்த்திரலாமா?" என்றார்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு குயவர் பட்டறையில் சூளைக்குப் போகிற சட்டி பானைகளை எண்ணி ஒருவன் மண்தட்டில் கீறிவைத்த சொல், ஐந்தாவது என்று அர்த்தம். பின்பெதோஸ் என்று எழுதியிருந்தது. தாணுமாலயன் அதை வேண்டுமென்றே, சத்தமாக, தப்பாகப் படித்தார்.

"பிண்பேதாசு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். அந்தச் சொல் தன் சொல்லைப்போலவே இருந்ததால் வெல்லம் வாய் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். "திருத்த வேண்டும் அவள்," என்றாள் மெல்ல. "இல்லை அது என்னுடையது."

"பெண்பிதோசி," என்றார் தாணுமாலயன், இன்னும் மோசமாக. பேச்சித்தாய் சொம்போடு படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பிலோமினா விசிறியை நிறுத்தினாள். கீழே பாகு கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது. மாங்கனி தன் விரலைத் தூக்கிப் பிடித்தபடி, அதேபோல் இன்னொரு விரல் எங்கிருந்தாவது எழும் என்று அறை முழுக்கப் பார்த்தாள்.

தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

கார்க்காரன் ஹாரன் அடித்தான். "அந்தச் சிலுவை இருக்கட்டும், பிலோமினா," என்றாள் மரகதவல்லி. சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய், காரை இன்னும் ஒரு பத்து நிமிஷம் நிற்கச் சொன்னாள்.